தலைநகரம் வரை வந்த செய்தி

2023 மே 14 அன்று மோக்கா புயல் வங்காள விரிகுடாவின் வடகிழக்கு மூலையில் கரையேறியது. எல்லைக்கு ஒரு பக்கம் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டம். அங்கே சுமார் பத்து லட்சம் ரோஹிங்கியா அகதிகள் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகளில் வாழ்கிறார்கள். மறுபக்கம் மியான்மரின் ரக்கைன் மாநிலம். 2012 கலவரத்தில் வீடிழந்த அதே ரோஹிங்கியா மக்கள் சிட்வே நகருக்கு வெளியே, தாழ்வான கரையோர முகாம்களில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். புயல் கடந்த பிறகு காக்ஸ் பஜார் முகாம்களில் ஆயிரக்கணக்கான குடிசைகள் சிதைந்திருந்தன. பெரும் உயிர்ச்சேதம் இல்லை. மியான்மரில் இறந்தவர்கள் 145 பேர் என்று ராணுவ அரசே அறிவித்தது. அவர்களில் 117 பேர் ரோஹிங்கியாக்கள். உண்மையான எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று அந்தப் பகுதி மக்கள் சொன்னார்கள்.

புயலின் கண் சிட்வேக்கு அருகே சென்றது, அங்கே காற்றும் கடலேற்றமும் கூடுதல் என்பது உண்மைதான். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. டாக்காவுக்கும் நேப்பிடாவுக்கும் புது தில்லியிலுள்ள ஒரே மையத்திலிருந்து ஒரே அறிவிக்கைகள்தான் போய்க்கொண்டிருந்தன. காக்ஸ் பஜாரில் அகதிகளிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த தொண்டர்கள் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள், தங்கள் மக்களின் மொழியிலேயே சொன்னார்கள், கொடியேற்றினார்கள். சிட்வே முகாம்களில் இருந்தவர்களோ சாதாரண நாளிலேயே அனுமதி இல்லாமல் முகாமைவிட்டு வெளியே போக முடியாதவர்கள். போ என்று சொன்னாலும் எங்கே போவது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

பேரிடர் ஆயத்தத்தில் நாடுகளின் ஒத்துழைப்பு என்று பேசும்போது செயற்கைக்கோள், மிதவை, கணினி மாதிரி, ஒப்பந்தம் என்றே பேசிப் பழகிவிட்டோம். வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் அந்தத் துறையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் செய்திருப்பது பெரிய சாதனை. செய்தி இன்று எல்லை தாண்டுகிறது. தலைநகரம் வரை தவறாமல் வருகிறது. அங்கிருந்து கடைசிக் குடிசைக்குப் போகும் வழியைத்தான் அந்தந்த நாட்டின் உள்விவகாரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆட்கள் இறப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

வங்கக் கடலின் வட முனை ஆழம் குறைந்தது, போகப்போகக் குறுகுவது. புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழும்புகிறது. எழும்பும் இடத்தில் இருப்பதோ கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன, கடல்மட்டத்தோடு ஒட்டிய நிலம். வளமான மண் என்பதால் நெருக்கமாக மக்கள் குடியேறிய நிலம். காற்று கூரையைப் பிய்க்கும். ஆளைக் கொல்வது தண்ணீர். 1970 நவம்பர் 12 இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியைத் தாக்கிய புயலில் இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது; ஐந்து லட்சம் வரை கணிப்புகள் உண்டு. தஜுமுத்தீன் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதி அழிந்தது.

அந்தப் புயலுக்குப் பிறகு நடத்திய ஆய்வில் தெரியவந்த ஒன்றை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதுண்டு. பாதிக்கப்பட்ட பகுதியில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் புயல் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. உறுதியான கட்டடத்தில் போய் ஒதுங்கியவர்கள் ஒரு சதவீதம் பேர். செய்தி போய்ச் சேர்ந்தும் கால் எழவில்லை. ஒதுங்கக் கட்டடம் இல்லை, போக வழி இல்லை, சொன்னவர் யாரென்று தெரியவில்லை, எவ்வளவு தண்ணீர் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

1972இல் இரண்டு வேலைகள் தொடங்கின. ஒன்று, உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் பொருளாதார சமூக ஆணையமும் சேர்ந்து அமைத்த வெப்பமண்டலப் புயல்களுக்கான குழு. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், பர்மா, இலங்கை, தாய்லாந்து ஆகியவை அதன் தொடக்க கால உறுப்பினர்கள். 1971 போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும். மற்றொன்று, புதிதாய்ப் பிறந்த வங்கதேசத்தில் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம். முதலாவது மேலே, வானிலை அலுவலகங்களுக்கு இடையே நடப்பது. இரண்டாவது கீழே, சேற்றில் நடப்பது. இந்த வட்டாரத்தின் பேரிடர் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு இழைகளை வைத்தே படிக்கலாம் என்பது என் கணிப்பு.

மேல் இழை நன்றாக வளர்ந்தது. 1988இல் புது தில்லி இந்தக் கடற்பரப்பின் சிறப்பு வானிலை மையமாக அறிவிக்கப்பட்டது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் எந்தப் புயல் உருவானாலும் அதைக் கவனித்து, பாதையையும் வேகத்தையும் கணித்து, எல்லா உறுப்பு நாடுகளுக்கும் அனுப்பும் பொறுப்பு அதனுடையது. குழு பின்னர் மாலத்தீவுகள், ஓமன் தொடங்கி ஏமன், ஈரான், சவுதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் வரை விரிந்து இன்று 13 நாடுகள் ஆகியிருக்கிறது. புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் இந்தக் குழுவில் வந்ததுதான். 2000இல் மஸ்கட்டில் நடந்த கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள்; 2004இலிருந்து பெயர்கள் நடைமுறைக்கு வந்தன. நம் கரையைப் புரட்டிப்போட்ட கஜாவின் பெயர் இலங்கை கொடுத்தது. சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா பாகிஸ்தான் கொடுத்தது. 2020இல் 169 பெயர்கள் கொண்ட புதுப் பட்டியல் வந்தபோது இந்தியா கொடுத்தவற்றில் முரசு என்ற தமிழ்ப் பெயரும் இடம்பெற்றது. அரசியலில் பேச்சுவார்த்தையே நின்றுபோன காலங்களிலும் இந்தக் குழுவில் தில்லியும் இஸ்லாமாபாத்தும் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கின்றன. புயல் எங்கே போகும் என்ற கணிப்பில் 24 மணி நேரத்துக்கு முன் நேரும் பிழை இப்போது சராசரியாக 100 கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது.

இந்தச் சாதனையின் எல்லை எதுவரை என்பதை 2008 மே காட்டியது.

நர்கீஸ் புயல் வங்கக் கடலின் நடுவில் சில நாள் தயங்கி நின்றது. பிறகு கிழக்கே திரும்பி, புயல்கள் அதிகம் போகாத பாதையில், மே 2 அன்று மியான்மரின் ஐராவதி கழிமுகத்துக்குள் நுழைந்தது. கரையேறுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே எந்த இடத்தில், எவ்வளவு கடுமையாக என்று பர்மிய அலுவலர்களுக்குத் தெரிவித்துவிட்டதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை பின்னர் கூறியது. அரசு ஊடகத்தில் செய்தியும் வந்தது. ஆனால் கழிமுகத்தின் ஓடைகளுக்கு நடுவே இருந்த கிராமங்களில் புகலிடக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. யார் யாரை எங்கே கூட்டிப்போவது என்ற திட்டம் இல்லை. அலையைத் தடுக்கக்கூடிய அலையாத்திக் காடுகளின் பெரும்பகுதி நெல் வயலாகவும் இறால் பண்ணையாகவும் மாறியிருந்தது. ராணுவ அரசின் கவனமோ மே 10 அன்று நடத்தவிருந்த அரசியல் சட்ட வாக்கெடுப்பில் இருந்தது. இறந்தவர்கள் சுமார் 84,500 பேர். காணாமல் போனவர்கள் சுமார் 53,800 பேர். காணாமல் போனவர்கள் திரும்பவில்லை.

இரண்டு நாள் என்பது நீண்ட நேரம். படகில் ஒரு குடும்பத்தை மேட்டுப்பகுதிக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து, இன்னொரு குடும்பத்தை ஏற்றிப்போக முடிகிற நேரம். தில்லியிலிருந்து மியான்மர் வரை வந்த செய்தி கழிமுகத்துக் கிராமங்களை எட்ட முடியாமல் நின்றது. இதில் வானிலை அறிஞர்களின் குறை ஏதுமில்லை. அனுப்பும் நாட்டுக்கு, பெற்ற நாடு அதை வைத்து என்ன செய்தது என்று கேட்கும் உரிமை இல்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

நர்கீஸுக்குப் பிறகு தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் செய்ததை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அந்த உரிமையின் வாசலைச் சற்றே திறந்தது. வெளிநாட்டு உதவியாளர்களுக்கு விசா கொடுக்க மறுத்த ராணுவ அரசோடு ஆசியானும் ஐ.நா.வும் சேர்ந்து மூன்று தரப்பு மையக் குழு ஒன்றை அமைத்தன. ஆசியானின் அப்போதைய பொதுச் செயலாளர் சுரின் பிட்சுவானின் விடாமுயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த ஓர் அமைப்பு, பேரிடரின் பெயரால் ஒரு நாட்டின் கிராமங்களுக்குள் போய்க் கணக்கெடுத்தது. பேரிடர் மேலாண்மைக்கான ஆசியான் உடன்பாடு 2005இலேயே கையெழுத்தாகியிருந்தது. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2011இல் ஜகார்த்தாவில் ஒருங்கிணைப்பு மையம் எழுந்தது. சட்டப்படி உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு அது.

தெற்காசியாவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கில்லை. சார்க் பேரிடர் மேலாண்மை மையம் 2006இல் தில்லியில் தொடங்கப்பட்டு, பின்னர் காந்திநகருக்கு மாற்றப்பட்டது. இயற்கைப் பேரிடர்களில் விரைந்து உதவுவதற்கான உடன்பாடு 2011இல் மாலத்தீவுகளின் அத்து நகரில் கையெழுத்தாகி, ஐந்தாண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. 2014க்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை.

ஆழிப்பேரலைக்கோ, 2004 டிசம்பர் 26 அன்று மேல் இழையும் இல்லை, கீழ் இழையும் இல்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது இந்திய நேரம் காலை 6.29. தமிழகக் கரையில் அலை ஏற இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. ஹவாயிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை மையம் நிலநடுக்கத்தைக் கால் மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரை அழைத்துச் சொல்வது என்பதற்கு அதனிடம் வழி இல்லை. பதினான்கு நாடுகளில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர்.

அன்றைக்கும் தப்பிய இடங்கள் உண்டு. சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமெலுவே தீவில் 1907இல் வந்த பேரலையைப் பற்றிப் பாட்டி சொன்ன கதைகள் உயிரோடிருந்தன. நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அந்தக் கதைகளின் சாரம். அதை அவர்கள் ஸ்மோங் என்பார்கள். அதிர்ச்சி மையத்துக்கு மிக அருகில், சுமார் 78 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திவந்த அறிவு மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரம், காற்றின் போக்கு, மீன் விலை ஆகியவற்றை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். வீட்டார் தண்ணீர் ஏறிவருவதைச் சொன்னதும், எல்லோரையும் கிளம்பச் சொன்னார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியைப் போட்டு அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள்.

நல்லவாட்டில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது சரியல்ல. எல்லை தாண்டி வந்த அந்தச் செய்தியை எந்த அரசும் அனுப்பவில்லை. ஆனால் அது வந்து சேர்ந்த இடத்தில் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் அதன் குரலை நம்பிக் கடலுக்குப் போய்ப் பழகிய மக்கள் இருந்தார்கள். நல்ல நாளில் மீன் விலை சொன்ன குரல் என்பதால்தான் கெட்ட நாளில் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

ஆழிப்பேரலைக்குப் பின் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இந்தியப் பெருங்கடல் எச்சரிக்கை அமைப்பு உருவானது. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள் மற்ற எல்லா நாடுகளுக்கும் தகவல் வழங்குகின்றன. இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்குகிறது. 2009இல் தாய்லாந்தைத் தளமாகக் கொண்டு ரைம்ஸ் என்ற பல்லிடர் முன்னெச்சரிக்கை அமைப்பும் வந்தது. இத்தகைய அமைப்பைத் தனியாக ஏற்படுத்திக்கொள்ள வசதியில்லாத சிறு நாடுகளுக்கு அது பெரிய துணை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது ஹைதராபாத் மையம் பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிவிக்கையை வெளியிட்டது. கடலடித் தரை மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனால் பண்டா ஆச்சேயில் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்ததால் சாலைகள் அடைத்துக்கொண்டு நின்றன. அலை வந்திருந்தால் அந்த நெரிசலிலேயே பலர் மாட்டியிருப்பார்கள். செய்தி வேகமாக வந்தது, ஓடும் பாதை தயாராகவில்லை. அதோடு இன்னொன்று: ஹைதராபாத் தகவல்தான் கொடுக்கும்; மக்களை வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் ஒவ்வொரு நாட்டின் சொந்த மையத்துக்கே உரியது. மேல் இழை சட்டப்படியே தலைநகரில் முடிந்துவிடுகிறது.

கீழ் இழை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வங்கதேசம்தான் பாடசாலை.

1972இல் சுமார் 20 ஆயிரம் தொண்டர்களோடு தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 76 ஆயிரம் பேருக்கும் மேல் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. அவரவர் ஊரிலேயே இருக்கும் விவசாயி, மீனவர், ஆசிரியர், இல்லத்தரசி. இரண்டு மூவாயிரம் மக்களுக்கு ஓர் அணி. ஒருவர் செய்தி சொல்ல, ஒருவர் புகலிடம் பார்க்க, ஒருவர் மீட்க, ஒருவர் முதலுதவி செய்ய என்று அணிக்குள் வேலை பிரித்திருக்கும். கையில் மெகாபோன், கையால் சுற்றும் சைரன், ரேடியோ, சிவப்புக் கொடி. நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் வரிசையை அவர்களும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்கள் கப்பல் மாலுமிக்கானவை. மூன்றாம் எண் என்றால் தன் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்று கரையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? திட்டத்தின் தொண்டர்கள் அந்த எண்களைக் கொடிகளாக்கினார்கள். ஒரு கொடி ஏறினால் கவனி. இரண்டு ஏறினால் மூட்டையைக் கட்டு. மூன்று ஏறினால் இப்போதே புறப்படு. எழுத்துத் தெரியாதவருக்கும் கொடியை எண்ணத் தெரியும்.

இது ஒரே நாளில் வந்த ஞானமும் இல்லை. 1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங் கரையில் வந்த புயல் சுமார் 1,38,000 பேரைக் கொண்டுபோனது. தொண்டர்கள் இருந்தார்கள், புகலிடங்கள் சில நூறுதான். இறந்தவர்களில் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. வெளியூர் போயிருக்கும் கணவன் வராமல் வீட்டைவிட்டுக் கிளம்பத் தயங்கினார்கள். புகலிடத்தில் ஆண்களோடு நெருக்கியடித்து இருக்க வேண்டும், கழிப்பறை இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கால் சுற்றும் சேலையோடு தண்ணீரில் எவ்வளவு தூரம் போக முடியும்? மெகாபோனில் கத்திய குரல் எல்லாம் ஆண் குரல். வாசலில் நின்றுவிட்டது, அடுப்படிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வோர் அணியிலும் பெண்களைச் சேர்த்தார்கள். இன்று தொண்டர்களில் சரிபாதி பெண்கள். புதிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வந்தன. பெரும்பாலானவை மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள். பிள்ளை தினமும் போய்வரும் கட்டடத்துக்குப் போக யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை.

மாடும் ஒரு காரணம். ஏழை வீட்டின் மொத்தச் சொத்தும் ஒரு பசு என்றால் அதை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவார்கள்? எழுபதுகளிலேயே கால்நடைகளும் ஏறி நிற்க மண்மேடுகள் எழுப்பினார்கள். அவற்றுக்கு முஜிப் கில்லா என்று பெயர். அண்மைக் காலத்தில், வெள்ளமோ புயலோ வருவதற்கு முன்பே குடும்பங்களின் கையில் பணம் கொடுக்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. 2020 ஜூலையில் யமுனை ஆற்று வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன் ஐ.நா. நிதியிலிருந்து சுமார் 52 லட்சம் டாலர் விடுவிக்கப்பட்டது. வங்கதேசத்தில் பிரம்மபுத்திராவுக்கு யமுனை என்றே பெயர். வண்டி வாடகை கொடுக்க, தானியத்தை மேட்டுக்குக் கொண்டுபோக, ஆட்டை அடிமாட்டு விலைக்கு விற்காமல் இருக்க அந்தப் பணம் உதவும். நிவாரணமாகப் பின்னால் கொடுக்கும் பணத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2007 நவம்பரில் சித்ர் புயல், 1991 புயலுக்கு நிகரான கடுமை கொண்டது. இறந்தவர்கள் சுமார் 3,400. 2020 மே மாதம் அம்பான் வந்தபோது கொரோனா காலம். வங்கதேசம் 24 லட்சம் பேரைப் புகலிடங்களுக்குக் கொண்டுபோனது. உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. ஒடிசாவின் கதையும் இதே போக்கில் போகிறது. 1999 சூறாவளியில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே தனிப் பேரிடர் ஆணையம் அமைத்து, புகலிடம் கட்டி, ஊர்தோறும் குழு அமைத்தார்கள். 2019 மே மாதம் ஃபானி வருமுன் 12 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் 64 பேர். ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு மீனவ கிராமங்கள் 2020இல் யுனெஸ்கோவிடமிருந்து ஆழிப்பேரலைக்குத் தயாரான ஊர் என்ற அங்கீகாரம் பெற்றன. இந்தியப் பெருங்கடல் பகுதியில் இந்த அங்கீகாரத்தை முதலில் பெற்றவை அவைதான். ஓடும் பாதையின் வரைபடம், ஊரில் பலகை, ஆண்டுதோறும் ஒத்திகை, யாருக்குத் துணை தேவை என்ற கணக்கு ஆகியவை இருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். ஒரு நாட்டின் மூலையிலுள்ள குப்பம் என்ன செய்ய வேண்டும் என்று பன்னாட்டு அமைப்பு வரையறுத்து, போய்ப் பார்த்து, சான்று கொடுக்கிறது. கீழ் இழையும் பிராந்திய ஒத்துழைப்பின் பொருளாக முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இனி நம் மக்கள் இருக்கும் இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரை வழியாக ஏறி, தீவின் மேலேயே நகர்ந்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை கண்ட மிகப்பெரிய இயற்கை அழிவு அது. சாவுகளில் பெரும்பகுதி கடற்கரையில் நிகழவில்லை. கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில் மண் சரிந்து நிகழ்ந்தது. அங்கே மலைத் தோட்டங்களில் இருநூறு ஆண்டுகளாக உழைக்கும் மலையகத் தமிழர்களின் லயன் அறைகள் இருக்கின்றன. சரிவான இடத்தில் கட்டினால் போதும் என்று வெள்ளைக்காரத் துரைமார் கட்டியவை. அந்த நிலம் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக நிலம் இல்லை. டிட்வாவின்போது இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில், முழுமையாக வரவில்லை என்ற முறைப்பாடு வலுவாக எழுந்தது. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில், மிகுந்த ஆபத்திலிருந்த மக்களில் பலரின் மொழி தமிழாக இருக்கும்போது, இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இந்தியா சாகர் பந்து என்ற பெயரில் கப்பலும் ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் அனுப்பியது. அந்த உதவியின் வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் மலிவாக, முன்கூட்டியே செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அதே புயலுக்குச் சென்னை வானிலை மையம் நாள்தோறும் தமிழில் அறிவிக்கை வெளியிட்டது. ஒரே புயல், ஒரே மொழி, நடுவில் சில மணி நேரக் கடல். தமிழில் எளிய எச்சரிக்கை வாசகங்களை இரு நாட்டு வானிலைத் துறைகளும் முன்கூட்டியே சேர்ந்து தயாரித்து வைத்துக்கொள்ளலாம். மழை இவ்வளவு மில்லிமீட்டர் என்று சொல்வதோடு நில்லாமல், சுவரில் விரிசல் கண்டால், ஊற்று திடீரென்று கலங்கினால், மரம் சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்து மக்கள் பேசும் தமிழில் எழுதியிருக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியையும் சேர்த்தேதான் அடித்தது. இரண்டு கரைக்கும் ஒரே அனுபவம். எச்சரிக்கை மட்டும் தனித்தனி.

இரண்டாவது இடம் கடல். 2017 நவம்பர் 30 அன்று ஓகி குமரிமுனையை ஒட்டிப் புயலாக வலுப்பெற்றபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. அவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையில் எந்த எண் கூண்டு ஏறினாலும் அவர்களுக்குத் தெரியாது. வைத்திருந்த வயர்லெஸ் கருவி கரையை எட்டாத தொலைவில் இருந்தார்கள். தமிழக, கேரள மீனவர்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பிழைத்த படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் போய் ஒதுங்கின. அதன் பிறகு செயற்கைக்கோள் வழியே படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. அவற்றில் செய்தி வாசிக்க முடிகிறதா, தமிழிலும் மலையாளத்திலும் வருகிறதா, திரும்ப அபயக்குரல் அனுப்ப முடிகிறதா என்பதெல்லாம் ஒவ்வொரு துறைமுகத்திலும் படகுக்காரர்களோடு உட்கார்ந்து சோதிக்க வேண்டியவை.

கடலில் இருப்பவருக்கு எல்லைதான் கூடுதல் ஆபத்து. புயலில் இயந்திரம் நின்ற வங்கதேசப் படகு இந்தியக் கடலுக்குள் அடித்துவரப்படுகிறது. இந்தியப் படகு அந்தப் பக்கம் போகிறது. பல முறை கடலோரக் காவல் படைகள் காப்பாற்றி ஒப்படைத்திருக்கின்றன. பாக் நீரிணையிலோ, புயலே இல்லாத நாளில் கைதாகிப் பழகிய மீனவர், புயல் நாளில் பக்கத்துத் துறைமுகம் அருகில் இருந்தாலும் தன் ஊரை நோக்கியே படகைத் திருப்புவார். புயல் எச்சரிக்கை அமலில் உள்ள நேரத்தில் ஒதுங்கவரும் படகை எந்த நாட்டின் துறைமுகமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும், படகையும் வலையையும் பறிக்காது என்று இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் வெளிப்படையாக ஓர் உறுதி கொடுத்தால், அது பல கருவிகளைவிட அதிக உயிரைக் காக்கும். மீன்பிடி எல்லைச் சிக்கல் தீரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

1972இல் தொடங்கிய புயல் குழு ஆண்டுதோறும் கூடுகிறது. வானிலை, நீரியல், பேரிடர் அபாயக் குறைப்பு என்று மூன்று பணிக்குழுக்கள் அதற்குண்டு. கணிப்பில் எத்தனை கிலோமீட்டர் பிழை நேர்ந்தது என்று ஒவ்வொரு புயலுக்கும் கணக்குக் காட்டும் நேர்மை அதன் முதல் பணிக்குழுவின் மரபு. அதே மரபை மூன்றாவது பணிக்குழுவுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. புயல் கரையேறிய ஒவ்வொரு நாடும், எச்சரிக்கை எந்த நேரத்தில் கடைசிக் குடியிருப்பை அடைந்தது, எந்த மொழியில், யார் வாயால், கேட்டவர்களில் எத்தனை பேர் கிளம்பினார்கள், கிளம்பாதவர்கள் ஏன் கிளம்பவில்லை, இறந்தவர்கள் யார், அவர்களில் பெண்கள் எத்தனை, குடியுரிமையோ நிலமோ இல்லாதவர்கள் எத்தனை என்று எழுதிக் கொண்டுவந்து மற்ற 12 நாடுகளின் முன்னால் வாசிக்கட்டும். போலாவின் தொண்டர்களும் ஒடிசாவின் ஊர்க் குழுக்களும் ஐராவதிக்கும் மலையகத்துக்கும் போய்ப் பயிற்சி கொடுக்க அந்தக் குழுவே ஏற்பாடு செய்யட்டும். ஓகியைப் பற்றிய கணக்கை இந்தியாவும், டிட்வாவைப் பற்றிய கணக்கை இலங்கையும், மோக்காவைப் பற்றிய கணக்கை மியான்மரும் அடுத்த கூட்டத்தில் வைப்பதிலிருந்து தொடங்கலாம்.